கேட்கக் கூடாத தானம்

பொதுக் காரியங்களில் ஊக்கமுள்ள நமது இளம் நண்பர் ஒருவர், தமது ஊரில் வாய்க்காற் கரையோரம் குடியிருக்கும் முப்பது குடும்பங்களின் பொருட்டு, இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றுக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன் அதை ஒரு முறை பார்வையிட்டுத் தரும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார். விஷயம் சிறியதன்று. அக்குடும்பங்கள் இரண்டு தலைமுறையாக அங்கே வசித்து வருகின்றன. தங்கள் மனைகளுக்குப் பட்டா வேண்டுமென்று மனுச் செய்தன. சம்பந்தப்பட்ட காரியாலயத்திலிருந்து வந்த பதிலாவது: மனுதாரர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், ஆக்கிரமிப்பாளர்களுக்குப் பட்டா கொடுப்பதற்கில்லை. எதனால் எங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்கிறீர்கள் என்று மறுபடியும் எழுதிக் கேட்டார்கள். பட்டா இல்லாமல் வசிப்பதனால் என்று மறுமொழி வந்தது. இரண்டு பதிலும் முறைப்படி கையொப்பமும் முத்திரையும் பெற்றவை.

நண்பரின் கடிதத்தில் நாம் இரண்டு இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டோம். வாய்க்காலைத் தூர் வாருவதற்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்ற கேள்வியை ஓரிடத்தில் கிளப்பியிருந்தார். 'கேள்வி எழுகிறது' என்று சொல்ல வேண்டிய அவ்விடத்தில் 'பெக்ஸ் தி க்வெஸ்சன்' என்னும் இங்கிலீஷ்த் தொடரை உபயோகித்திருந்தார். பட்டா விஷயமாய்க் காரியாலயம் அளித்த விடைகளைப் பற்றிப் பேசும் மற்றோரிடத்தில், காரியாலயத்தார் கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவுகிறார்கள் என்று மாத்திரம் எழுதி விட்டுவிட்டார். முதலிடத்தில் அத்தொடர் இருக்கத் தகாது. இரண்டாமிடத்தில் அதைவிடப் பொருத்தமான தொடர் இங்கிலீஷ் பாஷையிலேயே கிடையாது. கையில் இருந்த கத்தியை வாழைப்பழம் நறுக்குவதற்கு உபயோகித்துவிட்டு, கயிற்றை அறுக்க வேண்டிய வேளையில் பல்லால் கடித்துக் கொண்டிருந்தார் நமது நண்பர்!

இது அவர் ஒருவருடைய குற்றமன்று. லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சாகும் பத்திரிகைகளிலேயே இன்று இத்தொடர் பெரும்பாலும் 'கேள்வி எழுகிறது' என்ற பொருளில்தான் வழங்குகிறது. வேறு சிலர் 'கேள்வியைத் தட்டிக் கழிக்கிறது' என்ற பொருளில் எழுதுகின்றனர். இவ்விரண்டும் அதன் பிறவிப் பொருள் அல்ல. பிறவிப் பொருள் இன்னதென்று அறிந்து கொள்வதற்குக் கிரேக்க தேசம் வரையில் போய்வர வேண்டும். பிரயாணம் வீண் போகாதாகையால் வாசகர்களையும் உடன் அழைத்துச் செல்கிறோம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஆதென்ஸ் நகரத்து வித்வான்களிடையே தர்க்கம் ஒரு பந்தயம் போல் நடைபெற்றது. ஒருவர் ஒரு கக்ஷியை ஸ்தாபித்து உட்காருவார். மற்றொருவர் கேள்வி மேல் கேள்வி போடுவார். பெரும்பாலான கேள்விகள் 'ஆம்' என்றோ 'அல்ல' என்றோ விடை சொல்லத்தக்கவை. எதிராளி ஒப்புக்கொண்ட சிறு சிறு விஷயங்களையே படிகளாக அடுக்கி, அவர் ஒப்புக்கொள்ளாத முடிவுக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்துவது கேட்பவரின் சாமர்த்தியம். ஒவ்வொரு கேள்வியும் 'இதை எனக்குத் தருகிறீரா?' என்று கையேந்துவது போன்றது. இந்தக் கையேந்தலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதைப் பற்றி விவகாரமோ அதையே கொடுத்துவிடும்படி கேட்கக் கூடாது. கேட்டு, எதிராளியும் அயர்ந்து கொடுத்துவிட்டால், பிறகு வாதம் ஏது? ஆரம்பத்தில் குறித்த பொருளையே யாசிப்பது என்று இக்குற்றத்துக்கு அரிஸ்டாட்டில் பெயரிட்டார். தர்க்கத்தைப் பற்றிய தமது நூல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்.

யாசிப்பது என்பதற்கு அவர் உபயோகித்த கிரேக்க வினைச்சொல் நிந்தைக்குரியதன்று. யூக்ளிட் தமது க்ஷேத்திர கணித நூலின் தொடக்கத்தில், ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு நேர்கோடு இழுக்கலாம் என்பது முதலான ஐந்து விஷயங்களை அதே சொல்லின் வழியாகத்தான் வாசகனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவர் கேட்பது வெளிப்படையாய், வாசலில் நின்று கேட்பது. இதைக் கொடுத்தால்தான் மேலே கட்டுவேன் என்று சொல்லிவிட்டுக் கேட்பது. குற்றமுள்ள யாசகமோ கொல்லைப்புறமாய் வந்து, நாம் அறியாமல் நம் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாய் வந்து அதை நமக்கே விற்பது.

கிரேக்கச் சொல் லத்தீனில் 'பெடிஷியோ பிரின்ஸிபீ' என்று ஆயிற்று. அது 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலீஷில் 'பெக்கிங் தி க்வெஸ்சன்' என்று வந்து சேர்ந்தது. இதில் 'க்வெஸ்சன்' என்பது நாம் விடைக்காகக் கேட்கும் வினாவன்று. சபையின் முன் தீர்மானத்துக்கு நிற்கும் பிரச்னை என்று பொருள். பார்லிமெண்டில் அக்கிராசனர் 'க்வெஸ்சன்' என்று சொல்லி வோட்டுக்கு விடுவதும் இப்பொருளிலேயே. 'பெக்' என்பதும் தெருவில் திருவோடு ஏந்துவதன்று. தர்க்கத்தில் ஒன்றைத் தரும்படி கேட்பது. இவ்விரண்டு சொற்களின் பழம் பொருளும் சாதாரண ஜனங்களின் ஞாபகத்திலிருந்து மறைந்து போகவே, சொற்றொடர் பொருளற்ற கூடாக நின்றது. வெறும் கூட்டில் எந்தப் பறவையும் வந்து குடியேறலாம் அன்றோ? அங்ஙனமே 'கேள்வி எழுப்புவது', 'கேள்வியைத் தட்டுவது' என்ற இரண்டும் வந்து குடியேறின.

நம் தேசத்து நையாயிகர்களும் இக்குற்றத்துக்கு மிகவும் அருகில் வந்து ஒரு பெயர் இட்டிருக்கிறார்கள். கௌதமர் நியாய சூத்திரத்தில் போலி ஹேதுக்கள் ஐந்து என்று வகுத்து, அவற்றில் ஒன்றைச் 'சாத்தியஸமம்' என்றார். நிரூபிக்கப்பட வேண்டிய சாத்தியத்துக்குச் சமமாய், தானே நிரூபணத்தை வேண்டி நிற்கும் ஹேது என்பது கருத்து. நிழல் ஒரு திரவியம், ஏனெனில் அது நடக்கிறது என்பது வாத்ஸ்யாயனர் தம் உரையில் ஆராயும் திருஷ்டாந்தம். நிழல் உண்மையில் நடக்கிறதா, அல்லது நடக்கும் மனிதன் வெளிச்சத்தை அடுத்தடுத்து மறைப்பதால் அப்படித் தோன்றுகிறதா என்பது தீர்ந்தாலல்லவா அதை ஹேதுவாகச் சொல்ல முடியும்? பிற்காலத்தார் இதை 'அஸித்தம்' என்ற வகுப்பில் அடக்கினார்கள். தமிழிலும் இவ்விசாரணை புதிதன்று. மணிமேகலையின் 29-வது காதையில் அறவண அடிகள் வாயிலாகச் சாத்தனார் போலி ஏதுக்களை அஸித்தம் முதலான மூவகையாக வகுத்து விரிக்கிறார். அரிஸ்டாட்டில் சொன்னதும் கௌதமர் சொன்னதும் அச்சாக ஒன்றே என்று நாம் சாதிக்கவில்லை. ஒன்று வாதம் செய்பவனுடைய நடத்தையைப் பிடிக்கிறது. மற்றொன்று ஹேதுவின் பலவீனத்தைப் பிடிக்கிறது. ஆயினும் 1926-ல் வெளிவந்த இங்கிலீஷ் வழக்கு அகராதியில் ஹென்றி பௌலர் இத்தொடருக்குக் கூறும் இலக்கணத்தைப் படித்தால் சாத்தியஸமத்தின் மொழிபெயர்ப்போ என்று தோன்றும். நிரூபிக்க வேண்டிய முடிவைப் போலவே தானும் நிரூபணம் வேண்டி நிற்கும் ஆதாரத்தின் மேல் முடிவைக் கட்டுவது என்கிறார் அவர். நரி வேட்டை கொடுமையானதன்று, ஏனெனில் நரிக்கும் அது வேடிக்கையாயிருக்கிறது என்பது அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று. நரியைக் கேட்டவர் யார்?

பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் 1673-ல் அரங்கேற்றிய நாடகம் ஒன்றில் வைத்தியப் பரீக்ஷை நடக்கிறது. அபினி ஏன் தூக்கம் வருவிக்கிறது என்று கேட்கிறார்கள். அதில் தூக்கம் வருவிக்கும் சக்தி இருப்பதனால் என்று மாணவன் விடை கூறுகிறான். பரீக்ஷகர்கள் பரமானந்தம் அடைகிறார்கள். எருது ஈன்றது என்றால் தொழுவத்தில் கட்டு என்று சொல்லும் ஆசாமிகள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள் போலும்.

இனி, அரசியல் ஊழியர்களாகிய நமது வாசகர்களுக்கு இதில் என்ன காரியம் என்று கேட்கலாம். காரியம் உண்டு. இந்தத் தேசத்தின் மீது நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்கள் இக்குற்றம் சட்டமாகவே ஆட்சி செலுத்தியது.

1919-ம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்துக்கு முகவுரை ஒன்று உண்டு. பொறுப்பாட்சியை நோக்கி இந்தியா படிப்படியாய் நடத்தப்படும் என்று அதில் கண்டிருந்தது. ஒவ்வோர் அடியும் எப்பொழுது, எவ்விதம் எடுத்து வைப்பது என்பதைப் பார்லிமெண்டு ஒன்றே தீர்மானிக்கக் கூடும் என்றும், இந்திய ஜனங்களின் க்ஷேமத்துக்கும் முன்னேற்றத்துக்கும் பொறுப்பு பார்லிமெண்டின்மீது இருப்பதே அதற்குக் காரணம் என்றும் மேற்கொண்டு கூறியது. அக்காலத்தில் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த வழக்குத்தான் என்ன? இந்தியாவின் க்ஷேமத்துக்கு யார் பொறுப்பாளி, இந்தியரா, வெஸ்ட்மின்ஸ்டரில் கூடும் சபையாரா என்பதே வழக்கு. எது வழக்கோ அதையே முகவுரை காரணமாக எடுத்து வைத்துக்கொண்டது. பொறுப்பு எங்களுடையது, ஆகையால் தீர்மானிப்பவர் நாங்கள். தீர்மானிப்பவர் நாங்களானபடியால் பொறுப்பும் எங்களுடையது. புதிதாகக் கொடுத்த சந்தர்ப்பங்களைப் பெற்றவர்களின் பொறுப்புணர்ச்சியில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று கண்டு மேலே நடப்பது என்று வேறு ஒரு வாக்கியம். கண்டு சொல்பவர் யார்? அவர்களே.

இம்முகவுரைக்கு நீண்ட ஆயுள். 1935-ல் புதிய சட்டம் வந்தபொழுது 1919-ம் வருஷத்துச் சட்டத்தை ரத்துச் செய்தார்கள். ஆனால் முகவுரையை மாத்திரம் ரத்துச் செய்யாமல் காப்பாற்றி வைத்தார்கள். உடல் போயிற்று, தலை நின்றது.

இதற்கு முற்பட்ட தலைமுறையிலும் இதே சங்கதிதான். சுதந்தரத்தை உபயோகிக்கத் தகுதி பெறும் வரையில் எந்த ஜனங்களுக்கும் சுதந்தரம் கூடாது என்று பேசிய ராஜதந்திரிகளை, நீந்தக் கற்றுக்கொண்ட பிறகே தண்ணீரில் இறங்குவேன் என்ற மூடனுக்கு ஒப்பிட்டு நகைத்தவர் மெக்காலே. மில்டன் என்ற கவியைப் பற்றி 1825-ல் எழுதிய கட்டுரையில் அவ்வாறு நகைத்தார். அதே மெக்காலே 1833-ல் பார்லிமெண்டில் எழுந்து நின்று, இந்தியாவுக்குப் பிரதிநிதி ஸ்தாபனங்கள் கொடுப்பதற்கில்லை என்று பேசினார். மூடனுடைய நியாயம் தேம்ஸ் நதிக்கு ஒவ்வாது, கங்கைக்கு ஒவ்வும் போலும்!

இங்கே ஒரு விசித்திரம். காங்கிரஸின் ஆரம்ப காலத்து மிதவாதிகள் தீர்மானம் போட்டும் விண்ணப்பம் எழுதியும் வந்ததை யாசக அரசியல் என்று பிற்காலத்துத் தீவிரவாதிகள் பரிகசித்தது வாசகர்களுக்குத் தெரியும். பரிகாசத்தில் நியாயம் உண்டு. ஆனால் உண்மையில் பெரிய யாசகர் யார்? நம்மவர் யாசித்தது உத்தியோகம், சட்டசபை ஸ்தானம், வரிக் குறைவு முதலியன. ஆண்டவர்கள் ஒவ்வொரு வாதத்திலும் முழு ராஜ்யத்தையும் யாசித்தார்கள். நாமோ கேள்வி கேளாமல் கொடுத்துக்கொண்டே இருந்தோம். நாங்கள் தகுதியுடையவர்கள்தாம், வேண்டுமானால் பரீக்ஷித்துப் பாருங்கள் என்று மனுவில் எழுதிய கணத்திலேயே, பரீக்ஷிக்கும் உரிமையை அவர்களுக்குத் தானம் பண்ணியாயிற்று. எதிராளியின் யாசகத்தைக் கண்டுபிடித்து, இதை நான் தரவில்லை என்று சொல்லும் ஒரு சொல் நாவில் இல்லாததன் நஷ்டம் இது.

கேள்வியைத் தட்டுவதும் கேள்வியை யாசிப்பதும் ஒன்றல்ல என்று சொன்னோம். வித்தியாசம் எங்கே என்பதைச் சட்டசபையில் பார்க்கலாம். 1892-ம் வருஷத்துக் கௌன்ஸில் சட்டத்தின் கீழ் அங்கத்தினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. ஆனால் உப கேள்விக்கு இடமில்லை. எழுதிக் கேட்க வேண்டியது. சர்க்கார் படித்த விடையைக் கேட்டுவிட்டு உட்கார வேண்டியது. 1909-ம் வருஷத்துச் சீர்திருத்தத்தின் பின்னரே, மூலக் கேள்வியைக் கேட்டவருக்கு உப கேள்வி கேட்கும் உரிமை கிடைத்தது. இன்று லோக்சபையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு வாய்மொழி விடையும் உப கேள்வியும் உண்டு. குறியில்லாதவற்றுக்கு எழுத்து மூல விடை மாத்திரமே. தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது என்று மந்திரி ஒருவர் விடையளித்தால் அது தட்டிக் கழிப்பது. அது எல்லாருக்கும் தெரிகிறது. எப்பொழுது சேகரித்து முடியும் என்று உப கேள்வி போட்டு மடக்கலாம். நழுவுகிறவன் குறைந்த பக்ஷம் வெறுங்கையோடு ஓடுகிறான். முதுகு நமக்குத் தெரிகிறது. யாசிப்பவனோ ஓடுவதில்லை. நேருக்கு நேர் நின்று, காரண காரியத்தோடு, 'ஏனெனில்', 'ஆகையால்' என்ற சொற்களையெல்லாம் உரிய இடத்தில் வைத்து விடையளிக்கிறான். விடை பூரணமாகத் தோன்றுகிறது. கேட்டவருக்கு ஏதோ குறை என்று மனத்தில் படுகிறதேயன்றி, எதைப் பிடித்து மேலே கேட்பது என்று தெரிவதில்லை. நமது நண்பர் காரியாலயத்தின் விடையைப் படித்துவிட்டு 'நழுவுகிறார்கள்' என்று எழுதியதும் இதனாலேதான். அவர்கள் நழுவவில்லை. விடை சொல்லியே விட்டார்கள். அந்த விடைக்குள் வழக்கையே விழுங்கிவிட்டார்கள்.

இவ்வளவும் ஒரே சொல்லில் அடங்கிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஜெரிமி பெந்தாம் என்ற ஆங்கிலேய சட்ட அறிஞர், 1824-ல் வெளிவந்த போலி வாதங்களைப் பற்றிய தமது நூலில், பிரச்னையை யாசிக்கும் பெயர்கள் என்று ஓரினத்தை எடுத்துக் காட்டினார். ஒரு பொருளுக்கு நடுநிலையான பெயர் ஒன்று இருக்கும். புகழும் பெயர் ஒன்று, இகழும் பெயர் ஒன்று. இகழும் பெயரைச் சூட்டிவிட்டால் பிறகு வாதமே வேண்டுவதில்லை. பெயரே தீர்ப்பு. புதிய ஏற்பாடு ஒன்று நல்லதா கெட்டதா என்று யோசிக்க வேண்டிய இடத்தில் அதற்குப் 'புதுமைப் பித்து' என்று பெயர் வைத்தால் யோசனை முடிந்தது.

இவ்வினத்தில் நம்மவர் நன்றாய் அனுபவித்த பெயர் ராஜத்துவேஷம். இந்தியன் பீனல் கோடில் 1870-ல் புகுந்த 124-ஏ பிரிவின்கீழ் 1897-ல் திலகர் பம்பாய் ஹைகோர்ட்டில் விசாரிக்கப்பட்டார். சட்டத்திலுள்ள 'டிஸ்அபெக்ஷன்' என்ற சொல்லுக்கு அன்பில்லாமை என்றே பொருள் என்று ஜஸ்டிஸ் ஸ்டிரேச்சி ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். சர்க்காரிடம் அன்பு செலுத்தக் கடமைப்பட்டவன் ஒருவன் இருந்தால்தானே அன்பில்லாமை அவனுக்குக் குற்றமாகும்? அக்கடமை உண்டா என்பதே தேசத்தின் முன் நின்ற பிரச்னை. 1922-ல் ஆமதாபாத்தில் இதே பிரிவின்கீழ் நிறுத்தப்பட்ட காந்தியடிகள், குற்றத்தை ஒப்புக்கொண்ட கையோடு, அன்பு சட்டத்தால் உண்டாக்கக் கூடிய வஸ்துவன்று என்று கூறிய பொழுது, ஐம்பது வருஷமாய்க் கொடுத்து வந்த தானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தர்க்கம் அறிந்தவர் வேறு யாரும் இதை இவ்வளவு சுருக்கமாய்ச் செய்ததில்லை என்பது நமது அபிப்பிராயம்.

அந்நியர் போனபின் இவ்வழக்கம் போயிற்றா என்றால், இல்லை. சமூக விரோதி, தேசத் துரோகி என்ற பெயர்கள் எல்லாக் கக்ஷியார் மேடையிலும் தாராளமாய் வழங்குகின்றன. நாமும் இதற்கு விலக்கல்ல. இன்னார் தேசபக்தர், ஆகையால் அவர் சொல்லும் திட்டம் தேசத்துக்கு நன்மை என்று இதே பத்தியில் நாமே எழுதியிருக்கக் கூடும். பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்க நமக்குத் தைரியமில்லை. புகழும் பெயரும் இகழும் பெயரைப் போலவே வழக்கை விழுங்குகிறது. ருசியாக விழுங்குவதால் ஒருவரும் கவனிப்பதில்லை.

சொற்றொடரின் தற்கால நிலைக்கு வருவோம். பாஷை வழக்கைச் சார்ந்தது. கோடிக்கணக்கானவர்கள் 'கேள்வி எழுகிறது' என்ற பொருளில் வழங்கும்பொழுது அது பிழை என்று கூச்சலிடுவதனால் பயனில்லை. அகராதிக்காரர்களும் அப்பொருளை ஏற்றுவிட்டார்கள். அமெரிக்க மொழியியல் அறிஞர் மார்க் லிபர்மன் 2010-ல் ஒரு யோசனை சொன்னார். இத்தொடரை நீங்கள் எப்பொருளிலும் எழுதாதீர்கள். பிறர் எப்படி எழுதினாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்பது அதன் சாரம். பழைய பொருளில் எழுதினால் பாதி வாசகர்களுக்கு விளங்காது. புதிய பொருளில் எழுதினால் மீதிப் பாதிப் பேர் எழுதியவனைப் படிப்பற்றவன் என்று நினைப்பார்கள். இரண்டு வகையிலும் நஷ்டம் என்பது அவர் கணக்கு.

கணக்குச் சரிதான். இருந்தும் நமக்குப் பாதி சம்மதமே. புதிய பொருளில் எழுதாதிருப்பதற்குத் தடையொன்றுமில்லை. கேள்வியை எழுப்புகிறது என்பதற்கு 'ரெய்ஸஸ்' என்ற எளிய சொல் இங்கிலீஷில் காத்திருக்கிறது. தட்டிக் கழிப்பதற்கு 'எவேட்ஸ்' உண்டு. சற்றுக் காரமாய் வேண்டுமானால் 'டாட்ஜஸ்' உண்டு. பழைய பொருளுக்கு வேறு சொல் வழக்கில் இல்லை. முடிவையே ஆதாரமாக வைத்துக்கொள்கிறது என்று நீட்டி எழுதலாம், விளங்கும், ஆனால் குற்றத்துக்குப் பெயர் இராது. பெயரில்லாத திருடனைப் பற்றிப் போலீஸில் எழுதி வைப்பது எப்படி? ஆகையால் பழைய பொருளில் தைரியமாய் எழுதுங்கள் என்றே நண்பருக்குச் சொன்னோம். எழுதிய மறு வாக்கியத்திலேயே, எதிராளி எதைக் கேளாமல் எடுத்துக்கொண்டார் என்பதைச் சுட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை மாத்திரம் போட்டோம். அதைச் சுட்ட முடியவில்லையானால் தொடர் அந்த இடத்துக்கு உரியதன்று என்று உடனே தெரிந்துவிடும். தொடருக்குப் பின் 'ஏன்', 'எங்கே', 'எவ்வளவு' என்று வினாச்சொல் ஒன்று தானாகவே வந்து உட்காருமானால், அங்கே எழுத வேண்டியது 'ரெய்ஸஸ்' என்பதேயாம்.

நண்பர் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார். தூர் வாரும் பணத்தைப் பற்றிய வாக்கியம் சாதாரணமாய், கேள்வி எழுகிறது என்று நின்றது. பட்டா விஷயம் இப்பொழுது இப்படி இருந்தது: காரியாலயத்தின் விடை பிரச்னையை யாசிக்கிறது, அம்மனைகளில் குடியிருப்போருக்கு உரிமை உண்டா என்பதே மனு, உரிமையில்லாதவர் என்று பொருள்படும் பெயரை மனுதாரருக்குச் சூட்டி, அப்பெயரையே மனுவை நிராகரிப்பதற்குக் காரணமாக்கியிருக்கிறார்கள், இரண்டு தலைமுறை அனுபோகத்தைப் பற்றியும் மனுவோடு இணைத்த வீட்டு வரி ரசீதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. முன்னிருந்த கடிதத்தில் ரசீதுகளைப் பற்றிய பேச்சே கிடையாது. நழுவுகிறார்கள் என்று வசை பாடிய வேகத்தில் அவற்றை எழுத மறந்துவிட்டார். என்ன யாசிக்கப்பட்டது என்று சுட்டிக் காட்டத் தேடியபொழுதுதான் அவை கண்ணில் பட்டனவாம்.

கடிதத்தில் மற்றொரு மாறுதலும் கண்டோம். முதற் பிரதியில், எதிர்க்கரையில் தோட்டம் வைத்திருக்கும் பெரிய மனிதர் ஒருவரை அவர் 'ஆக்கிரமிப்பாளர்' என்றே எழுதியிருந்தார். அச்சொல்லை அவரே அடித்துவிட்டு, 'அனுபோகத்தில் வைத்திருப்பவர்' என்று எழுதியிருந்தார். நாம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

போகும்பொழுது, இதே கடிதத்தைத் தமிழிலும் வெளியிட வேண்டும், அத்தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சாத்தியஸமம் என்றால் ஊரில் யாருக்கும் விளங்காது. கேள்வியை யாசிக்கிறது என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சிரிப்பார்கள். நமது காரியாலயத்திலேயே முன்னொரு நாள் அவ்விதம் ஒரு மொழிபெயர்ப்பு அச்சுக் கோத்து, ப்ரூப் பார்ப்பவர் நகைத்ததால் தப்பிப் பிழைத்தது. சற்று யோசித்து, வழக்கையே சாட்சியாக்குகிறார்கள் என்று எழுதும்படி சொன்னோம். அவர் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அன்று மாலையே கரையோரத்துப் பெரியவர் ஒருவரிடம் இவ்விதம் எழுதப் போகிறோம் என்று படித்துக் காட்டியதாகவும், அவர், இதைத்தானே அப்பா முதல் நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கூறியதாகவும் மறுநாள் வந்து சொன்னார். தமிழ்க் கடிதம் வரும் ஞாயிறன்று நமது பத்திரிகையில் வெளிவரும்.